கை உதறி எழுகிறீர்களா? சுண்டுவிரலைக் கேளுங்கள்

நடு ராத்திரியில் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது. எழுந்து உட்கார்ந்து, தெர்மாமீட்டரை உதறுவதுபோல நாலு உதறு உதறினால் உயிர் வருகிறது. திரும்பப் படுத்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி அதே கதை. மறுநாள் காலை படாளம் கூட்டுரோட்டு டீக்கடையில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

“அண்ணே, ராத்திரி ஆனா வலது கை மதமதன்னு ஆயிடுதுண்ணே.”

“வாயுடா தம்பி. உருளைக்கிழங்கை நிறுத்து, பூண்டைச் சுட்டுத் தின்னு.”

பக்கத்து பெஞ்சுக்காரர் ரத்த ஓட்டம் இல்லை என்பார். மூன்றாவது ஆள் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று சொல்லி, தன் மச்சான் எடுத்த ஸ்கேனின் விலையையும் சொல்வார். மெடிக்கல் ஷாப்பில் ஒரு அட்டை பி-காம்ப்ளெக்ஸ் கிடைக்கும். இத்தனை பேரில் ஒருவராவது உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மரத்துப்போவது எந்த விரல்?

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி ஆகியவை மரத்து, சுண்டுவிரல் மட்டும் தனக்கு ஒன்றும் தெரியாததுபோல இருந்தால், சந்தேகப்பட வேண்டிய இடம் மணிக்கட்டு. இந்தக் கோளாறுக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். மணிக்கட்டுச் சுரங்க நோய் என்று தமிழில் எழுதுகிறார்கள். பெயர் எதுவானாலும், கையை வைத்துப் பிழைக்கிறவருக்கு இது முதலில் சம்பளப் பிரச்சினை, பிறகுதான் உடம்புப் பிரச்சினை. அதனால் இந்தக் கட்டுரையில் வைத்தியத்தோடு லீவு, கூலி, வேலை மாற்றம் எல்லாவற்றையும் சேர்த்தே பேசுகிறேன்.

முதலில் அந்தச் சுரங்கம். மணிக்கட்டின் உள்பக்கம், உள்ளங்கை தொடங்கும் இடத்தில், 8 சின்ன எலும்புகள் சேர்ந்து ஒரு பள்ளம்போல அமைந்திருக்கின்றன. அந்தப் பள்ளத்தின்மேல் தடித்த நார்ப்பட்டை ஒன்று கூரைபோல இழுத்துக் கட்டியிருக்கிறது. உள்ளே விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும், மீடியன் நரம்பு என்ற ஒரே ஒரு நரம்பும் போகின்றன. நெருக்கியடித்துக்கொண்டு பத்துப் பேர் ஏறிய ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேர் கயிறுபோல முறுக்கேறிய ஆட்கள். பத்தாவது ஆள் நரம்பு. யாராவது கொஞ்சம் உப்பினாலும் நசுங்குவது அவர்தான். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு வேறு. அது இந்த ஆட்டோவில் ஏறுவதே இல்லை, வெளியே தனிப் பாதையில் போகிறது. சுண்டுவிரல் தப்பிப்பதன் ரகசியம் அவ்வளவுதான்.

ராத்திரியில் ஏன் அதிகம்? தூங்கும்போது நம்மை அறியாமல் மணிக்கட்டை மடித்துக் கன்னத்துக்கடியில் வைத்துக்கொள்கிறோம். மடிந்த மணிக்கட்டில் சுரங்கத்துக்குள் அழுத்தம் ஏறுகிறது. பகலில் காலில் தங்கிய நீரும் படுத்தபின் உடம்பெங்கும் பரவுகிறது. மணிக்கட்டு வளைந்தே நிற்பதால் பைக் ஓட்டும்போதும், போனைக் காதில் வைத்துப் பேசும்போதும், பேப்பர் படிக்கும்போதும் மரக்கும். இப்போது பேப்பர் படிப்பவர்கள் குறைவு என்பதால், படுத்துக்கொண்டு ரீல்ஸ் பார்க்கும்போது மரக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலைதான் காரணமா?

பாதி உண்மை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் கார்ப்பல் டனல் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அங்கே குறிப்பிடப்படும் காரணங்கள் மூன்று: பலம் கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, அதிரும் கருவி, மணிக்கட்டை அளவுக்கு மீறி வளைத்து வைக்கும் நிலை. மூன்றில் ஒன்று இருந்தாலும் கவனம் தேவை. இரண்டு மூன்று சேர்ந்தால் ஆபத்து கூடும்.

நம் செங்கல்பட்டுப் பக்கத்தில் இந்த மூன்றும் சேரும் இடங்களைத் தேடி அலைய வேண்டாம். படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவை தொடங்கிவிட்டால் சுற்று வட்டாரமெல்லாம் கரும்பு வெட்டு. வெட்டுக்கூலி டன் கணக்கு. கணக்கு டன்னில் இருக்கும்போது கையை யாரும் பார்ப்பதில்லை. கத்திப் பிடியை இறுக்கிப் பிடித்து, அடிக்கரும்பில் ஒரு வெட்டு, நுனியில் ஒரு வெட்டு, சோகை உரிப்பு என்று மணிக்கட்டு நாள் முழுக்க வளைந்து நிமிர்கிறது. ஜிஎஸ்டி சாலை ஓரத்து ஓட்டல்களில் பரோட்டா மாஸ்டர் மாவை அடித்துப் பிசைந்து வீசுகிறார். தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கும் மறைமலைநகர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் கம்பெனி வேன் ஏறிப் போகும் பெண்கள் தையல் மெஷினிலும் அசெம்பிளி லைனிலும் ஒரே அசைவை ஷிப்டு முழுக்கச் செய்கிறார்கள். நாலு மாடு வைத்துக் கையால் பால் கறக்கிறவரின் கைக்கும் இதே பாடுதான்.

ஆனால் அதிர்வு என்று வந்தால் மாமல்லபுரம்தான். ஒரு காலத்தில் அந்த ஊருக்குள் நுழைந்ததும் காதில் விழுவது உளிச்சத்தம். இன்று அதற்கு மேல் கேட்பது கிரைண்டர் மெஷின். 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இருக்கும் ஊர், 2017-இல் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். உளியால் பல நாள் எடுக்கும் கழிவுக் கல்லை வைரத்தட்டு போட்ட மெஷின் மிகச் சீக்கிரம் அறுத்துத் தள்ளிவிடுகிறது. மெஷின் வேண்டாம் என்று எந்தப் பட்டறைக்காரரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. உளி மட்டும் பிடித்த தலைமுறையின் கை நோகவில்லை என்பதும் கதை. சுத்தி ஒவ்வொரு முறை விழும்போதும் கருங்கல் திருப்பி அடிக்கிறது. ஆனால் மெஷினின் அதிர்வு வேறு வகை. அது நரம்பையும் சின்ன ரத்தக்குழாய்களையும் நேரடியாகவே கெடுக்கும், மணிக்கட்டுச் சுரங்கத்துக்குள் இருப்பவற்றையும் வீங்க வைக்கும்.

இந்த அதிர்வுக் கேடு கல் வேலைக்காரர்களிடம் அந்தக் காலத்திலேயே தெளிவாகப் பதிவானது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு சுண்ணாம்புக்கல் பட்டறைகளில் காற்றழுத்த உளி பிடித்தவர்களின் விரல்கள் குளிர்நாளில் வெளுத்து மரத்துப்போவதை டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் 1918-இல் நேரில் போய்ப் பார்த்து எழுதினார். நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வெயில் ஊரில் விரல் வெளுப்பது கண்ணில் படாமல் போகலாம். மரமரப்புக்கு வெயில், குளிர் என்ற பேதம் இல்லை. மெஷினை நிறுத்தி அரை மணி கழித்தும் விரலில் விறுவிறுப்பு இருந்தால் அதைக் குறித்து வையுங்கள். ஐரோப்பிய நாடுகளில் கைக்கு வரும் அதிர்வை 8 மணி நேரக் கணக்கில் அளந்து, 2.5 மீட்டர்/விநாடி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது என்று 2002-இல் விதி செய்தார்கள். நம் பட்டறையில் அளக்கும் கருவி இருக்காது. ஆனால் மெஷின் வாங்கும்போது அட்டைப் பெட்டியிலோ கையேட்டிலோ அதிர்வு அளவு போட்டிருந்தால் அதைப் பார்த்து வாங்க யாரும் தடுக்கப்போவதில்லை.

இனி மறுபாதி உண்மை. ஒரே பட்டறையில் ஒரே மெஷினைப் பிடித்த நாலு பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன் வருகிறது? அவருடைய உடம்பில் வேறு ஏதோ சுரங்கத்தை ஏற்கெனவே நெருக்கியிருக்கிறது. முதல் சந்தேகம் சர்க்கரை. அடுத்தது தைராய்டு குறைவு. முடக்குவாதம், உடல் பருமன், சிறுநீரகக் கோளாறுக்கு நீண்டகால டயாலிசிஸ் ஆகியவையும் வரிசையில் உண்டு. கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் நீர்கோத்து வரும், பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே போகும். பெண்களுக்கு ஆண்களைவிட ஏறத்தாழ 3 மடங்கு அதிகம் வருகிறது. வீட்டு அம்மாவுக்கு வந்தால் ‘துணி துவைச்சதுல வந்திருக்கும்’ என்று விட்டுவிடாமல் தைராய்டு பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பழைய எலும்பு முறிவை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்து, நாட்டுக்கட்டு போட்டு, கோணலாக ஒட்டிய எலும்பு சுரங்கத்தையும் கோணலாக்கிவிடும். இந்த நோயின் முதல் தெளிவான வருணனையே, இங்கிலாந்தின் ஜேம்ஸ் பேஜட் 1854-இல் எழுதியது, மணிக்கட்டு முறிந்த ஒருவரைப் பற்றித்தான். புதிதாக முறிந்து கட்டுப் போட்ட கையில் மரமரப்பும் வலியும் மணிக்கு மணி ஏறினால், அது காலைவரை காத்திருக்கும் விஷயமில்லை. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கம்ப்யூட்டரை ஏன் சொல்லவில்லை என்று மகேந்திரா சிட்டி ஐடி கம்பெனிகளுக்குப் போகும் தம்பி தங்கைகள் கேட்கலாம். கீபோர்டு தட்டினால் கார்ப்பல் டனல் என்பது எல்லோரும் நம்பும் கதை, ஆதாரம் மெலிந்தது. டென்மார்க்கில் சுமார் 7,000 ஊழியர்களை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2003-இல் வந்தது. கீபோர்டுக்கும் இந்த நோய்க்கும் உருப்படியான தொடர்பு அதில் தெரியவில்லை. வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடிப்பவர்களிடம் லேசான தொடர்பு மட்டும் தென்பட்டது. ஆகவே ஐடி வேலையில் இருப்பவருக்குக் கை மரத்தால், நாற்காலியை மாற்றுவதற்கு முன் சர்க்கரையும் தைராய்டும் பார்ப்பது உத்தமம்.

ஒரு பென்சில், ஒரு தாள்

டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டியது ஒன்று. தாளில் இரண்டு கைகளையும் வைத்து ஓரம் வரைந்துகொள்ளுங்கள். மூன்று நாள், விழிப்பு வந்தவுடன், மரத்த இடத்தை மட்டும் பென்சிலால் நிரப்புங்கள். எத்தனை மணிக்கு என்றும் எழுதுங்கள். மூன்றாம் நாள் அந்தத் தாளைப் பார்த்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ‘கை முழுக்க மரக்குது சார்’ என்று நாம் வாயால் சொல்வதும் தாளில் வரும் படமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

அடுத்தது தலைகீழ் வணக்கம். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்க, மணிக்கட்டை முழுக்க மடக்கி, முழங்கையை உயர்த்தி, ஒரு நிமிடம் வைத்திருங்கள். அதற்குள் கட்டைவிரல் பக்கத்து விரல்களில் விறுவிறுப்பு வந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஃபேலன் சோதனை என்று இதற்குப் பெயர், அமெரிக்கக் கை மருத்துவர் ஜார்ஜ் ஃபேலன் பெயரால் வந்தது. டாக்டர் உங்கள் மணிக்கட்டை அரை நிமிடம் கட்டைவிரலால் அழுத்தியும் பார்ப்பார், தட்டியும் பார்ப்பார்.

கடைசியாக இரண்டு உள்ளங்கைகளையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கம் வைத்துக் கட்டைவிரல் அடிமேட்டைப் பாருங்கள். ஒன்று உப்பலாகவும் மற்றது வற்றிய குளம்போலவும் இருந்தால், நரம்பு நசுங்கி நாளாகிவிட்டது. டம்ளர் நழுவுகிறது, சட்டைப் பொத்தான் கைக்கு வரவில்லை, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்பவையும் அதே எச்சரிக்கைதான். இந்தக் கட்டத்தில் மணிக்கட்டுப் பட்டை, மாத்திரை என்று மாதங்களைக் கரைக்காதீர்கள். வற்றிய தசை முழுதாகத் திரும்பாமல் போக வாய்ப்பு உண்டு.

சரி, சுண்டுவிரலும் மரக்கிறது என்றால்? அப்போது கதை வேறு. முழங்கையில் ‘ஷாக்’ அடிக்கும் இடத்தில் ஓடும் அல்நார் நரம்பு நசுங்கியிருக்கலாம். கழுத்திலிருந்து வந்திருக்கலாம், அதோடு கழுத்துவலியும் தோளிலிருந்து இறங்கும் குடைச்சலும் இருக்கும். இரண்டு பாதங்களும் சேர்ந்து மரத்தால் சர்க்கரையின் வேலையாக இருக்கலாம். செங்கல்பட்டுக்காரர்கள் மறக்கக் கூடாத இன்னொன்று தொழுநோய். ஊருக்குப் பக்கத்திலேயே, திருமணியில், 1955 முதல் மத்திய தொழுநோய் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தொழுநோய், கிருமி நரம்பில் குடியேறும் நோய். முழங்கை நரம்பைத்தான் அதிகம் பிடிக்கும், மணிக்கட்டு மீடியன் நரம்பையும் விடாது. உணர்ச்சியில்லாத வெளிறிய படை எங்காவது இருந்தால், அல்லது முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறுபோலத் தடித்துத் தட்டுப்பட்டால், வெட்கப்படாமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கூட்டு மருந்து இலவசம், முழுக்கக் குணமாகும்.

நரம்புக் கடத்தல் சோதனை, அதாவது ‘நர்வ் டெஸ்ட்’, எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. லேசான மின்தூண்டல் கொடுத்து, மணிக்கட்டைக் கடக்கும்போது நரம்புச் செய்தி எவ்வளவு தாமதமாகிறது என்று அளக்கிறார்கள். சுருக்சுருக்கென்று இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. சந்தேகம் இருக்கும்போதும், ஆபரேஷனுக்கு முன்னாலும் இது உதவும். தொடக்கக் கட்டத்தில் ரிப்போர்ட் நார்மல் என்று வருவதும் உண்டு, அதை வைத்து நோயே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. மாறாக, கை மரத்தவுடன் கழுத்துக்கு எம்ஆர்ஐ எழுதிக்கொடுத்தால் ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாற்பது தாண்டிய யார் கழுத்தை எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியும். அது இருப்பதாலேயே கை மரக்கிறது என்று ஆகிவிடாது.

பட்டை, ஊசி, கத்தி

லேசான, நடுத்தரக் கட்டத்துக்கு முதல் வைத்தியம் ராத்திரிப் பட்டை. மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் ஸ்ப்ளின்ட். மெடிக்கல் ஷாப்பில் ‘ரிஸ்ட் பெல்ட்’ என்று கேட்டால் சுற்றிக் கட்டும் எலாஸ்டிக் துணியைக் கொடுப்பார்கள். அது போதாது, இறுக்கிக் கட்டினால் கெடுதலும் கூட. உள்ளே உலோகத் தகடு வைத்ததைக் கேளுங்கள். அதிலும் ஒரு சூட்சுமம்: பல பட்டைகளில் அந்தத் தகடு கையைப் பின்பக்கமாக நிமிர்த்தி வைக்கும்படி வளைந்திருக்கும். கார்ப்பல் டனலுக்கு வேண்டியது நேர்நிலை. தகட்டை உருவி, மேசை விளிம்பில் வைத்து நிமிர்த்தி, திரும்பச் செருகுங்கள். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் பட்டையால் பயனில்லை என்று தூக்கிப்போட்டவர்கள் நிறைய. ராத்திரி மட்டும் போதும், 6 வாரமாவது விடாமல். பகலில் பட்டை கட்டிக்கொண்டு வேலை செய்தால் மணிக்கட்டின் பாரம் தோளுக்குப் போய் அங்கே வலி தொடங்கலாம்.

ஸ்டீராய்டு ஊசி சுரங்கத்துக்குள் ஒருமுறை போடுவது. ‘ஸ்டீராய்டா!’ என்று பதறாதீர்கள், ஒரு இடத்தில் ஒருமுறை போடுவதற்கும் மாதக்கணக்கில் மாத்திரை தின்பதற்கும் வித்தியாசம் உண்டு. இங்கிலாந்தில் 2018-இல் வெளியான ஆய்வில் 6 வாரத்தில் பட்டையைவிட ஊசிதான் முந்தியது. 6 மாதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. பட்டை கேட்காத நோயாளிகளிடம் ஸ்வீடனில் நடந்த, 2013-இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களிலும் முக்கால்வாசிப் பேர் ஓராண்டுக்குள் ஆபரேஷனுக்கு வந்தார்கள். என் கணக்கில் ஊசியின் உண்மையான மதிப்பு அவகாசம். மகள் கல்யாணம், கும்பாபிஷேக ஆர்டர், அரவை முடிவு என்று ஏதாவது ஒன்று தாண்ட வேண்டியிருந்தால் அந்த இடைவெளியை ஊசி வாங்கித் தரும். சர்க்கரைக்காரர்களுக்கு ஊசி போட்ட சில நாள் சர்க்கரை ஏறும், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பி-காம்ப்ளெக்ஸ் அட்டைக்கு வருவோம். வைட்டமின் பி6 கார்ப்பல் டனலைக் குணமாக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், பி6-ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் தின்றால் அதுவே நரம்பைக் கெடுத்துக் கைகால் மரக்கவைக்கும். வலி மாத்திரைகளும் இதில் பெரிதாக உதவுவதில்லை. வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு மட்டும் மிச்சம்.

பட்டையும் ஊசியும் கேட்காதபோது, அல்லது கட்டைவிரல் மேடு வற்றத் தொடங்கியபோது, ஆபரேஷன். பெயரைக் கேட்டு நடுங்குகிற அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. கையை மட்டும் மரக்க வைத்து, உள்ளங்கையில் சில சென்டிமீட்டர் கீறி, சுரங்கத்தின் கூரையாக இருக்கும் நார்ப்பட்டையை அறுத்துவிடுகிறார்கள். நரம்பைத் தொடுவதே இல்லை. கால் மணி நேரம் பக்கம் ஆகும், அன்றே வீடு. ராத்திரி விழிப்பு பலருக்கு அந்த வாரமே நின்றுவிடும். விரல் நுனி மரமரப்பு போக மாதங்கள் ஆகும். உள்ளங்கையின் இரு ஓரங்களில் அழுத்தினால் நோவு சில மாதம் இருக்கும். அதைக் கண்டு ‘ஆபரேஷன் ஃபெயில்’ என்று ஊர் சொல்லும், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அறுக்கப்பட்ட நார்ப்பட்டையின் இரு நுனிகளும் நிலைப்படும் வரை இருக்கும் வலி அது.

எங்கே போவது? செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. எலும்பு சிகிச்சைப் பிரிவில் சீட்டு போடலாம். சிக்கலான கேஸ் என்று அனுப்பினால், சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கைக்கென்றே தனி நிறுவனம் இருக்கிறது. டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970-களில் வளர்த்தெடுத்த அந்தப் பிரிவு இந்தியாவின் கை மருத்துவத்துக்குத் தாய்வீடு மாதிரி. செங்கல்பட்டிலிருந்து பீச் ரயில் ஏறினால் மீதி கொஞ்ச தூரம்தான். கையை வைத்துப் பிழைக்கிறவருக்கு அந்த அலைச்சல் வீண் போகாது.

லீவும் கூலியும்

டாக்டர் ‘ரெஸ்ட் எடுங்க’ என்று எழுதிக்கொடுப்பார். எத்தனை நாள் என்று நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். பொதுவான கணக்கு இது. தையல் பிரிக்க 10 முதல் 14 நாள். மேசை வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பலாம். கடை, பில் போடுவது, லேசான பேக்கிங் என்றால் மூன்று நான்கு வாரம். சுத்தி, கத்தி, மெஷின், மூட்டை என்றால் 6 வாரத்துக்குக் குறையாது, பிடியின் பலம் முழுக்கத் திரும்ப 3 மாதம்கூட ஆகும். இரண்டு கையிலும் நோய் இருந்தால் ஒரு கையை முடித்துவிட்டு மற்றதற்குப் போவது நல்லது. இரண்டையும் ஒன்றாகச் செய்துகொண்டவருக்குச் சோறு ஊட்டவும் ஆள் வேண்டும், மற்றதற்கும் ஆள் வேண்டும்.

கம்பெனி வேலையில், மாதச் சம்பளம் ₹21,000-க்குள் இருப்பவருக்கு இஎஸ்ஐ காப்பீடு இருக்க வேண்டும். காண்ட்ராக்ட் ஆள் என்றாலும் இருக்க வேண்டும். உரிய காலத்தில் பணம் கட்டப்பட்டிருந்தால், டாக்டர் சர்டிபிகேட்டின் பேரில் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன் சம்பள ரசீதில் இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா, பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்தும் கட்டாத காண்ட்ராக்டர்களும் உண்டு. ஆபரேஷனுக்குப் பின் அதைக் கண்டுபிடித்தால் அலைவது நீங்கள்.

சூப்பர்வைசரிடம் பேசும்போது ‘கை வலிக்குது சார்’ என்று தொடங்காதீர்கள். வலி எல்லோருக்கும் உண்டு என்ற பதில் தயாராக இருக்கும். “டாக்டர் மணிக்கட்டு நரம்பு நசுங்கியிருக்குன்னு எழுதியிருக்கார் சார். ஆறு வாரம் அந்த ஸ்க்ரூ மெஷின்ல வேண்டாம்னு போட்டிருக்கார். செக்கிங்ல போடுங்க, லீவு இல்லாம வரேன்” என்று சொல்லிப் பாருங்கள். சீட்டின் நகலைக் கொடுங்கள், ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். லீவு கேட்கும் ஆளைவிட வேலை மாற்றிக் கேட்கும் ஆளுக்குச் சம்மதம் சீக்கிரம் கிடைக்கும்.

தினக்கூலிக்காரருக்கும் பட்டறை வேலைக்காரருக்கும் இந்தக் கதவுகள் இல்லை. அவர்களுக்கு நாள் பார்ப்பதுதான் பாதுகாப்பு. கரும்பு வெட்டுகிறவர் அரவை ஓய்ந்தபின், அடுத்த பருவத்துக்கு மூன்று மாதமாவது மிச்சம் வைத்து ஆபரேஷன் தேதி கேட்கலாம். சிற்பி பெரிய ஆர்டர் கைக்கு வருமுன். முன்பணம் வாங்கிவிட்டு ஆபரேஷனுக்குப் போனால் தையல் பிரிக்கும் முன்பே மெஷினைப் பிடிக்கும் நெருக்கடி வரும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக் கவுன்ட்டரில் முன்கூட்டியே காட்டி, இந்தச் சிகிச்சைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை பார்க்க எங்கும் போக வேண்டாம், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் 2021-இலிருந்து வீட்டு வாசலுக்கே வருகிறது.

திரும்ப வேலைக்குப் போகும்போது பழைய கையோடு பழைய பிடிக்குப் போகாதீர்கள். மழுங்கிய கத்திதான் மணிக்கட்டின் முதல் எதிரி, கூர் இல்லாததற்கு ஈடாக நாம் பலத்தைக் கொடுக்கிறோம். கத்தியைத் தீட்டுங்கள், உளியைக் கொல்லுப்பட்டறைக்கு அனுப்புங்கள், தையல்காரர் என்றால் கத்தரிக்கோலைச் சாணை பிடியுங்கள். மெல்லிய பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொஞ்சம் பருமனாக்கினால் இறுக்கம் குறையும். தேய்ந்த, ஆட்டம் கண்ட வைரத்தட்டு அதிர்வைக் கூட்டும், அதைக் காசு பார்க்காமல் மாற்றுங்கள். மெஷினைக் கழுத்தை நெரிப்பதுபோலப் பிடிக்காமல், வழுவாத அளவுக்கு மட்டும் பிடியுங்கள். அறுப்பு வேலையையும் உளி வேலையையும் காலை மாலை என்று கலந்து வைத்துக்கொண்டால் கைக்கு இடைவெளி கிடைக்கும். அதிர்வு தடுக்கும் கையுறை என்று விற்பதை நம்பி மெஷின் நேரத்தைக் கூட்ட வேண்டாம், அவை தடுப்பது குறைவு. பரோட்டா மாஸ்டருக்கு ஒரு வார்த்தை: மாவு ஊற நேரம் கொடுத்தால் கைக்கு அடி குறையும், முதலாளியும் பரோட்டா மெத்தென்று வருகிறது என்பார். பைக்கில் பிரேக் லீவரைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தால் ஜிஎஸ்டி சாலையில் மணிக்கட்டு மடியாமல் நேராக நிற்கும். எந்த மெக்கானிக்கும் இரண்டு நிமிடத்தில் செய்து தருவார்.

கை தேறுகிறதா என்று அறிய மெஷின் எதுவும் வேண்டாம். வாரம் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு சட்டைப் பையில் கைவிட்டு, ஒரு ரூபாய் எது, இரண்டு ரூபாய் எது என்று விரலால் மட்டும் பிரித்துப் பாருங்கள். தவறுகள் குறைந்துகொண்டே வந்தால் நரம்பு தேறுகிறது. மூன்று மாதம் கழித்தும் அதே தவறு என்றால், அந்தப் பழைய பென்சில் தாளை எடுத்துக்கொண்டு திரும்ப டாக்டரிடம் போங்கள்.